கெட்ட செய்தி எத்தனை நாளில் மேசைக்கு வரும்?

2020 நவம்பர் 17, செவ்வாய்க்கிழமை. தீபாவளி முடிந்து மூன்றே நாள். லட்சுமி விலாஸ் வங்கியில் பணம் வைத்திருந்தவர்களுக்கு அன்று மாலை ஆறு மணியிலிருந்து ஒரு கட்டுப்பாடு வந்தது. டிசம்பர் 16 வரை ஒருவர் எடுக்கக்கூடிய மொத்தத் தொகை 25,000 ரூபாய். வைத்தியச் செலவு, மேல்படிப்பு, கல்யாணம் போன்ற காரியங்களுக்கு மட்டும் அனுமதி பெற்றுக் கூடுதலாக எடுக்கலாம். மற்றபடி ஐம்பதாயிரம் வைத்திருந்தாலும் ஐந்து கோடி வைத்திருந்தாலும் கதை ஒன்றுதான்.

அந்த வங்கி பிறந்த ஊர் கரூர். படுக்கை விரிப்பும் திரைச்சீலையும் நெய்து கப்பலேற்றும் ஊர். கொசுவலை, பஸ் பாடி கட்டும் பட்டறைகள் என்று எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு தொழில் நடக்கும். சனிக்கிழமை மாலை கூலி கொடுத்தாக வேண்டும், நூல்காரருக்குக் கொடுத்த காசோலை பாஸாக வேண்டும். இருபது தறி ஓட்டுகிறவருக்கு 25,000 ரூபாய் ஒரு வாரக் கூலிக்குக்கூடக் காணாது. அவர் எந்த இயக்குநர் குழுக் கூட்டத்திலும் உட்கார்ந்தவர் இல்லை. அங்கே கையெழுத்தான எந்தக் கடனும் அவருக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கூட்டங்களின் விலையை முதலில் கொடுக்க நேர்ந்தது அவருக்குத்தான்.

பத்து நாளில் கட்டுப்பாடு விலகியது. நவம்பர் 27 அன்று வங்கி, சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட டிபிஎஸ் வங்கியின் இந்தியத் துணை நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. டெபாசிட் போட்டவர்களின் பணம் ஒரு பைசா குறையாமல் தப்பியது. பங்கு வாங்கியவர்களுக்குக் கிடைத்தது பூஜ்யம். 2017 டிசம்பரில் இதே வங்கி உரிமைப் பங்கு வெளியிட்டு, ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர்களிடம் பங்கு ஒன்றுக்கு 122 ரூபாய் வீதம் சுமார் 787 கோடி ரூபாய் திரட்டியிருந்தது. மூன்று ஆண்டு முடிவதற்குள் அந்த 122 ரூபாய், கணக்குப் புத்தகத்தில் ஒரு கோடு போட்டு அழிக்கப்பட்டது.

கொரோனா வந்தது, வங்கி விழுந்தது என்று சிலர் இதைச் சுருக்கிச் சொல்வதுண்டு. அது சரியான கணக்கு இல்லை என்பதற்குச் சாட்சி அதே கரூரில் நிற்கிறது.

கரூர் வைசியா வங்கி 1916-ல் தொடங்கப்பட்டது, லட்சுமி விலாஸ் 1926-ல். இரண்டுமே கரூர் வணிகர்கள் கைக்காசு போட்டு எழுப்பியவை. ஒரே ஊர், ஒரே வகை வாடிக்கையாளர், ஒரே பொதுமுடக்கம். கரூர் வைசியாவுக்கும் அப்போது உடம்பு சரியில்லை. 2020 மார்ச்சில் அதன் மொத்த வாராக்கடன் 8 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. ஆனால் அடி தாங்குவதற்கான மூலதனம் 17 சதவீத அளவில் கையில் இருந்தது. லட்சுமி விலாஸில் அதே நாளில் அந்த எண் 1.12 சதவீதம். மூலதன விகிதம் என்பது, கொடுத்த கடன் திரும்பி வராமல் போனால் டெபாசிட்தாரரின் பணத்தைத் தொடுவதற்கு முன் கரைவதற்கென்று பங்குதாரர்கள் போட்டு வைத்த பணம், அந்தக் கடன்களில் எத்தனை பங்கு என்பது. ரிசர்வ் வங்கி கேட்கும் குறைந்தபட்சம் 9 சதவீதம், அதற்கு மேல் ஒரு கூடுதல் அடுக்கும் வேண்டும். 2020 செப்டம்பர் முடிவில் லட்சுமி விலாஸில் அது பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 2.85 சதவீதத்துக்குப் போய்விட்டது.

ஆக, ஒரே புயலில் ஒரு வீடு ஓடு பறந்து நின்றது, பக்கத்து வீடு சரிந்தது. என்ன வித்தியாசம் என்று தேடினால், புயலுக்கு முந்தைய நான்கைந்து ஆண்டுகளில் அந்த வீடுகளுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்ற கேள்வியில்தான் போய் நிற்கிறோம். கார்ப்பரேட் கவர்னன்ஸ், நிறுவன ஆளுகை என்று பெரிய பெயர் வைத்துச் சொல்வதெல்லாம் கடைசியில் இந்தப் பேச்சைத்தான். ஒரு கெட்ட செய்தி, அது நடந்த இடத்திலிருந்து முடிவெடுக்கிறவர்களின் மேசைக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகிறது? வந்த பிறகு யாராவது அதைக் கையில் எடுக்கிறார்களா? ஒரு நிறுவனத்தின் ஆளுகையை அளக்க எனக்குத் தெரிந்த நேர்மையான அளவுகோல் இதுதான்.

லட்சுமி விலாஸின் எண்களை இந்தக் கண்ணோடு பாருங்கள். 2017 மார்ச்சில் முடிந்த ஆண்டில் லாபம் 256 கோடி ரூபாய், மொத்த வாராக்கடன் 2.67 சதவீதம். அடுத்த ஆண்டே 585 கோடி நட்டம், வாராக்கடன் ஏறக்குறைய 10 சதவீதம். அதற்கடுத்த ஆண்டு 894 கோடி நட்டம், 15 சதவீதத்துக்கு மேல். 2020 மார்ச்சில் 836 கோடி நட்டம், 25 சதவீதத்துக்கு மேல். கொடுத்த கடனில் நான்கில் ஒரு பங்கு நின்றுபோயிருந்தது. பெரிய நிறுவனத்துக்குக் கொடுத்த கடன் மார்ச் மாதம் நன்றாக இருந்து ஏப்ரலில் திடீரென்று செத்துப்போவதில்லை. முதலில் ஒரு தவணை தள்ளும், பிறகு வட்டி கட்டவே இன்னொரு கடன் கேட்கும், பிறகு காலக்கெடுவை நீட்டச் சொல்லும். இந்த ஒவ்வொரு கட்டமும் ஏதோ ஒரு கோப்பில் ஏதோ ஒரு அதிகாரி கையால் எழுதப்பட்டிருக்கும். 2.67-லிருந்து 25-க்குப் போன அந்த மூன்று ஆண்டுகளில் கடன்கள் மட்டும் கெட்டன என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். ஏற்கெனவே கெட்டிருந்த பலவற்றின் மேல் போட்டிருந்த துணியும் ஒவ்வொன்றாக விலகியிருக்க வேண்டும்.

துணிக்கடைக்கும் அரிசி மண்டிக்கும் கடன் கொடுத்து வளர்ந்த வங்கி, பெரிய நிறுவனங்களுக்குக் கடன் கொடுத்துச் சீக்கிரம் பெரிதாகலாம் என்று பாதை மாறியதில்தான் சிக்கல் தொடங்கியது. மண்டிக்காரரின் முகம் கிளை மேலாளருக்குத் தெரியும். அவர் கடையில் கூட்டம் குறைந்தால் அடுத்த தெருவிலிருந்தே தெரிந்துவிடும். டெல்லியிலும் மும்பையிலும் பல அடுக்கு நிறுவனங்கள் வைத்து நடத்தும் குழுமத்தின் முகம் அப்படித் தெரியாது. அந்த இடத்தில் கிளை மேலாளரின் கண்ணுக்குப் பதிலாக வேலை செய்ய வேண்டியது இயக்குநர் குழு, அதன் இடர் மேலாண்மைக் குழு, தணிக்கைக் குழு. தொழில் மாறினால் அந்தக் கண்களின் கூர்மையும் மாற வேண்டும்.

ரெலிகேர் விவகாரம் தனிக்கதை. ரெலிகேர் ஃபின்வெஸ்ட் என்ற நிதி நிறுவனம் லட்சுமி விலாஸில் ஃபிக்ஸட் டெபாசிட் போட்டிருந்தது. ரான்பாக்ஸி நிறுவனத்தின் முன்னாள் உரிமையாளர்களான சிங் சகோதரர்களின் நிறுவனங்களுக்கு வங்கி கடன் கொடுத்தது. அந்தக் கடன் வராதபோது, டெபாசிட்டிலிருந்து எடுத்து நேர் செய்துகொண்டது. எங்கள் டெபாசிட்டை அடுத்தவர் கடனுக்கு ஈடாக வைக்க நாங்கள் சம்மதிக்கவே இல்லை என்பது ரெலிகேர் ஃபின்வெஸ்டின் புகார். பிரச்சினையில் சிக்கிய தொகை 794 கோடி ரூபாய். 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு, 2019 செப்டம்பரில் டெல்லி காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிவு. யார் பக்கம் நியாயம் என்பதைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம். எனக்கு அதில் உறுத்துவது வேறொன்று. லட்சுமி விலாஸ் அளவு வங்கிக்கு 794 கோடி என்பது எந்த நிலையிலும் ஒரு கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேச வேண்டிய தொகை.

அதே 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி லட்சுமி விலாஸை, நலிந்த வங்கிகளுக்குக் கட்டுப்பாடு விதிக்கும் உடனடித் திருத்த நடவடிக்கைப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முந்தைய மாதமே நிர்வாக இயக்குநர் பதவி விலகியிருந்தார். இந்தியாபுல்ஸ் வீட்டுக்கடன் நிறுவனத்தோடு இணைகிறோம் என்று ஏப்ரலில் அறிவித்த திட்டத்தை அக்டோபரில் ரிசர்வ் வங்கி நிராகரித்தது. மக்கள் மெல்ல மெல்லப் பணத்தை எடுக்க ஆரம்பித்தார்கள். 2019 மார்ச்சில் 29,000 கோடியைத் தாண்டியிருந்த டெபாசிட் ஒரே ஆண்டில் 21,000 கோடி சுமாருக்கு இறங்கிவிட்டது. அந்த ஆண்டின் பெரும்பகுதியில் கொரோனா என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை.

பெயர் சொல்ல விரும்பாத ஒரு நடுத்தர நிறுவனத்தின் இயக்குநர் குழுக் கூட்டத்தில் ஒருமுறை ஓரமாக உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னதாக அறிவிப்பு போக வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். அறிவிப்பு ஒழுங்காகப் போயிருந்தது. ஆனால் விஷயங்கள் அடங்கிய கோப்பு, முந்நூறு பக்கம், முந்தைய நாள் இரவு பத்து மணிக்கு மின்னஞ்சலில் வந்திருந்தது. காலையில் ஒவ்வொருவர் முன்னாலும் அதன் அச்சுப் பிரதி, பக்கத்தில் ஒரு தட்டில் முந்திரி. முப்பத்தெட்டு விஷயங்கள், ஒன்றரை மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் புதிய கட்டடத்தின் முகப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதில் போனது. இருபத்தேழாவது விஷயம் என்று நினைவு: பெரிய வாடிக்கையாளர் ஒருவர் எட்டு மாதமாகப் பணம் தரவில்லை. கம்பெனிச் செயலாளர் தலைப்பைப் படித்தார். தலைவர் ‘அது பார்த்துக்கொண்டிருக்கிறோம்’ என்றார். வெளியிலிருந்து வந்த இயக்குநர் ஒருவர் பேனாவைத் திறந்தார், பக்கத்தைப் புரட்டினார், ஒரு கணம் நிமிர்ந்தார், பேனாவை மூடிவிட்டார். நடவடிக்கைக் குறிப்பில் ‘குறித்துக்கொள்ளப்பட்டது’ என்று ஒரு சொல் ஏறியது.

அந்தப் பேனா மூடிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அங்கே இருந்த யாரும் திருடர் இல்லை. செய்தி மேசை வரைக்கும் வந்தும் விட்டது. இரண்டு அங்குலம் தள்ளி இருந்த வாய்க்குத்தான் வரவில்லை.

இதற்கு நேர் எதிரான ஒன்று கும்பகோணத்து வங்கி ஒன்றில் நடந்தது. 2018 பிப்ரவரி 7. சிட்டி யூனியன் வங்கி 1904-ல் கும்பகோணம் வங்கி என்ற பெயரில் தொடங்கப்பட்டது. வெளிநாடுகளுக்குப் பணம் அனுப்ப வங்கிகள் ஸ்விஃப்ட் என்ற செய்திப் பிணையத்தைப் பயன்படுத்துகின்றன. ஸ்விஃப்டில் போன செய்தியையும், வெளிநாட்டு வங்கியில் தன் கணக்கில் கழிந்த தொகையையும், தன் சொந்தப் புத்தகத்தில் எழுதியதையும் வரிக்கு வரி ஒத்துப்பார்க்க வேண்டும். சலிப்பூட்டும் வேலை, யாரும் பாராட்டாத வேலை. அன்று அந்த வேலையைச் செய்தபோது வங்கி அனுப்பவே அனுப்பாத மூன்று பரிமாற்றங்கள் போயிருப்பது தெரிந்தது. சுமார் 20 லட்சம் டாலர் துபாய், துருக்கி, சீனா என்று மூன்று திசையில் கிளம்பியிருந்தது. துபாய்க்குப் போன ஐந்து லட்சம் டாலர் நியூயார்க்கிலேயே நிறுத்தப்பட்டுத் திரும்பி வந்தது. மீதியை மீட்க உடனே ஆட்களை இறக்கினார்கள், அதே மாதத்தில் பகிரங்கமாக அறிவித்தார்கள். வங்கி ஆடவில்லை.

அதே பிப்ரவரியில், பதினான்காம் தேதி, பஞ்சாப் நேஷனல் வங்கி தன் மும்பை பிராடி ஹவுஸ் கிளையில் 11,400 கோடி ரூபாய் மோசடி என்று பங்குச் சந்தைக்குத் தெரிவித்தது. அங்கேயும் ஸ்விஃப்ட்தான். வைர வியாபாரிகளான நீரவ் மோடி, மெகுல் சோக்சி ஆகியோரின் நிறுவனங்களுக்காக உறுதிக் கடிதங்கள் ஸ்விஃப்ட் வழியாகப் போயின, வங்கியின் மையக் கணினிப் புத்தகத்தில் அவை ஏறவே இல்லை. இரண்டு அமைப்புகளும் இணைக்கப்படாமல் இருந்தன. இந்த ஓட்டையைப் பற்றி 2016 ஆகஸ்டிலிருந்து குறைந்தது மூன்று முறை வங்கிகளை எச்சரித்ததாக ரிசர்வ் வங்கி பிறகு சொன்னது. 2011 வாக்கில் தொடங்கியது 2018-ல் வெளியே வந்தது.

ஒன்று வெளியாள் வைத்த கன்னம், மற்றொன்று உள்ளாள் துணையோடு நடந்தது. முழுக்க ஒரே தராசில் வைக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த ஒத்துப்பார்க்கும் வேலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கும்பகோணத்தில் செய்தி வெளிவந்தது அந்த வேலையால். மும்பையில் ஏழு ஆண்டுகளாக அது வராமல் போனதும், அந்த வேலை நடக்க வேண்டியபடி நடக்காததால். நெருக்கடிக் காலத்தில் ஒரு நிறுவனத்தைத் தாங்கிப் பிடிப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட பெயரில்லாத தினசரி வேலைகள்தான். இயக்குநர் குழு செய்ய வேண்டியது, அந்த வேலை நடக்கிறதா என்று விடாமல் கேட்பது, அதைச் செய்கிறவர் தப்பு என்று கை தூக்கினால் அவர் வேலைக்கு ஆபத்து வராமல் பார்ப்பது.

கேட்கும் வேலையை அடியோடு விட்ட இடம் ஐஎல்அண்டுஎஃப்எஸ் என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனம். 90,000 கோடி ரூபாய்க்கு மேல் கடன், நூற்றுக்கணக்கான துணை நிறுவனங்கள், எல்ஐசி போன்ற பெரிய பங்குதாரர்கள். அதன் இடர் மேலாண்மைக் குழு 2015-க்கும் 2018-க்கும் இடையே ஒரே ஒரு முறைதான் கூடியது. 2018 செப்டம்பரில் தவணை தவறுவதற்குச் சற்று முன்பு வரை அதற்கு மிக உயர்ந்த கடன் தரச்சான்று இருந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி விவரிக்க எனக்கு மனம் வரவில்லை.

சத்யம் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரை முடியாது. 2008 செப்டம்பரில் ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்துக்கு உலக அளவில் சிறந்த நிறுவன ஆளுகைக்கான கோல்டன் பீகாக் விருது கிடைத்தது. குழுவில் ஹார்வர்டு பேராசிரியர், முன்னாள் மத்திய அமைச்சரவைச் செயலாளர், பென்டியம் சிப் உருவாக்கத்தில் பெயர் பெற்ற பொறியாளர், நாட்டின் முன்னணி மேலாண்மைக் கல்லூரியின் தலைவர். சட்டம் கேட்ட சுயேச்சை இயக்குநர்கள் அனைவரும் இருந்தார்கள்.

2008 டிசம்பர் 16 அன்று அந்தக் குழு கூடியது. தலைவர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தோடு தொடர்புள்ள மேட்டாஸ் கட்டுமான நிறுவனங்கள் இரண்டை 160 கோடி டாலருக்கு வாங்கலாமா என்பது விஷயம். சத்யம் என்ற பெயரை ஆங்கிலத்தில் திருப்பி எழுதினால் மேட்டாஸ். சிலர் தொலைபேசியில் கலந்துகொண்டார்கள். கேள்விகளும் கேட்கப்பட்டன: மென்பொருள் நிறுவனத்துக்கு நிலமும் கட்டடமும் எதற்கு, விலையை எப்படி மதிப்பிட்டீர்கள் என்று. முடிவில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அறிவிப்பு வெளியானதும் நியூயார்க் சந்தையில் பங்கு பாதிக்கு மேல் சரிந்தது. சில மணி நேரத்தில் திட்டம் கைவிடப்பட்டது. குழு கேட்டும் தடுக்காததைப் பங்குதாரர்கள் ஓர் இரவில் தடுத்தார்கள். மாதம் முடிவதற்குள் வெளி இயக்குநர்களில் நான்கு பேர் விலகினார்கள். 2009 ஜனவரி 7 அன்று, பொய்க் கணக்கு காட்டியதை ஒப்புக்கொள்ளும் ராஜுவின் கடிதம் வந்தது.

கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. இல்லாத வட்டி வரவு 376 கோடி. மறைத்த கடன் 1,230 கோடி. ஊதிக்காட்டிய வரவேண்டிய தொகை 490 கோடி. கூட்டினால் 7,136 கோடி. 2008 செப்டம்பர் காலாண்டில் 649 கோடி என்று சொன்ன இயக்க லாபம் உண்மையில் 61 கோடி.

இல்லாத ஃபிக்ஸட் டெபாசிட்டை எப்படிக் காட்ட முடிந்தது? தணிக்கையாளர் வங்கிக்குத் தானே எழுதி, பதிலைத் தன் முகவரிக்கே வரவழைத்து, இருப்பை உறுதி செய்துகொள்ள வேண்டும். அந்தக் கடிதப் போக்குவரத்தைத் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளாமல், நிறுவனத்தின் கை வழியே வந்த கடிதங்களையே தணிக்கையாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்புகள் 2011-ல் பதிவு செய்தன. ஒரு தபால்தலை ஒட்டி வங்கிக்கு நேராக அனுப்பியிருந்தால் தெரிந்திருக்கும் பொய். எங்கள் ஊர்ச் சீட்டுக் கம்பெனியில் சந்தேகம் வந்தால் ஆள் நேரில் போய்க் கேட்டுவிட்டு வருவார்.

சத்யத்தின் இரண்டாம் பாதிதான் எனக்கு முக்கியம். அரசு பழைய குழுவைக் கலைத்தது. ஜனவரி 11 அன்று தீபக் பரேக், கிரண் கார்னிக், சி. அச்சுதன் ஆகிய மூவரையும், சில நாளில் சென்னையைச் சேர்ந்த பட்டயக் கணக்காளர் டி.என். மனோகரன் உட்பட இன்னும் மூவரையும் நியமித்தது. உலகமே 2008 நெருக்கடியில் மூழ்கியிருந்த நேரம். வாடிக்கையாளர்களான வெளிநாட்டு நிறுவனங்கள் கதவை நோக்கி ஒரு கால் வைத்திருந்தன. ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்கள் அந்த மாதச் சம்பளம் வருமா என்று காத்திருந்தார்கள். புதியவர்கள் வங்கிகளிடம் 600 கோடி ரூபாய் கடன் வாங்கினார்கள். எது உண்மை, எது பொய் என்று இன்னும் தெரியவில்லை என்பதையே வெளிப்படையாகச் சொன்னார்கள். ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி பரூச்சாவின் மேற்பார்வையில் ஏலம் நடத்தினார்கள். ஏப்ரல் 13 அன்று பங்கு ஒன்றுக்கு 58 ரூபாய் கொடுத்து டெக் மஹிந்திரா வென்றது. மூன்று மாதம்.

அலுவலகம் அதே, ஊழியர்கள் அதே, வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் அதே. மேசையைச் சுற்றியிருந்தவர்கள் மட்டும் மாறினார்கள். நல்ல ஆளுகை நெருக்கடியில் ஒரு நிறுவனத்துக்கு என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான சான்று இந்திய வரலாற்றில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆய்வாளர்களும் இதைத் துருவியிருக்கிறார்கள், பதில் ஒரே மாதிரி வரவில்லை. 1997 ஆசிய நெருக்கடியில் இந்தோனேசியா, தென் கொரியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து நாடுகளின் 398 நிறுவனங்களை எடுத்துப் பார்த்தார் டாட் மிட்டன். கணக்கை வெளிப்படையாக வைத்தவை, நிர்வாகத்துக்கு வெளியே பெரிய பங்குதாரர் இருந்தவை சந்தையில் குறைவாக அடிபட்டன. 2008 நெருக்கடியில் 30 நாடுகளின் 296 நிதி நிறுவனங்களைப் பார்த்த எர்கென்ஸ், ஹங், மாடோஸ் மூவருக்கும் கிடைத்தது வேறு. சுயேச்சை இயக்குநர் அதிகம் இருந்த நிறுவனங்களின் பங்குகளே கூடுதலாக விழுந்திருந்தன. அந்தக் குழுக்கள் நெருக்கடி நடுவில் புதிய பங்கு வெளியிட்டு மூலதனம் திரட்டின, அதனால் பழைய பங்குதாரர்களுக்கு இழப்பு என்பது அவர்கள் தரும் காரணங்களில் ஒன்று. இந்த முடிவைக் காட்டி ஆளுகையெல்லாம் வீண் பேச்சு என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. விலை விழுந்தாலும் பரவாயில்லை, மூலதனத்தைக் கூட்டு என்று ஒரு குழு முடிவெடுக்கிறது என்றால், அந்தக் குழு கெட்ட செய்தியைக் கேட்டிருக்கிறது என்று அர்த்தம். பெயர்களை எண்ணுவது மட்டும் போதாது என்பதை இந்த ஆய்வு காட்டுகிறது, அதைச் சத்யமும் காட்டியது.

பங்கு வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆண்டறிக்கையில் லாப நட்டக் கணக்குக்கு முன்னால் நிறுவன ஆளுகை என்று சில பக்கங்கள் வரும். பெரும்பாலோர் தள்ளிவிடும் பக்கங்கள். எந்த இயக்குநர் எத்தனை கூட்டத்துக்கு வந்தார், தணிக்கைக் குழுவும் இடர் மேலாண்மைக் குழுவும் எந்தெந்தத் தேதியில் கூடின என்று அதில் இருக்கும். நிதித் தலைவரோ தணிக்கையாளரோ ஆண்டு நடுவில் விலகியிருந்தால் அதுவும் அறிக்கையில் எங்காவது இருக்கும். உரிமையாளர் குடும்பத்தின் மற்ற நிறுவனங்களோடு என்னென்ன கொடுக்கல் வாங்கல் என்பது கணக்குக் குறிப்புகளில் வரும். அரை மணி நேரம் போதும். ஆண்டுப் பொதுக்கூட்டம் இப்போது பல இடங்களில் வீடியோவில் நடக்கிறது, கேள்வியை முன்கூட்டியே எழுதி அனுப்பலாம். அனுப்புங்கள். டிவிடெண்ட் எவ்வளவு என்று கேட்க நூறு பேர் இருப்பார்கள். ரிஸ்க் கமிட்டி ஏன் ஒரே முறை கூடியது என்று கேட்க நீங்கள் ஒருவராவது இருக்க வேண்டும்.

லட்சுமி விலாஸ் பங்குதாரர்களும் ஒரு நாள் கேட்டார்கள். 2020 செப்டம்பர் 25, ஆண்டுப் பொதுக்கூட்டம், கொரோனா காரணமாக வீடியோவில். தற்காலிகத் தலைமை நிர்வாகி உட்பட ஏழு இயக்குநர்களின் நியமனத்தை ஓட்டுப் போட்டு நிராகரித்தார்கள். தணிக்கையாளர்களின் மறுநியமனத்தையும் சேர்த்து. நிறுவனர் குழு கையில் 7 சதவீதத்துக்கும் குறைவான பங்குதான் இருந்தது. மற்றவர்கள் சேர்ந்தபோது எளிதாக முடிந்துவிட்டது. இத்தனை பெரிய பலம் தங்கள் கையில் இருந்தது அவர்களுக்கே அன்றுதான் தெரிந்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி மூன்று இயக்குநர்கள் கொண்ட குழுவை அமைத்து அன்றாட நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது. அந்த ஓட்டிலிருந்து ஐம்பத்து மூன்றாவது நாள் நவம்பர் 17.

அன்று ரிசர்வ் வங்கி நியமித்த நிர்வாகி டி.என். மனோகரன். பதினோரு ஆண்டுகளுக்கு முன் சத்யத்தை மீட்ட குழுவில் இருந்த அதே மனிதர். சத்யத்தில் அவருக்கும் மற்றவர்களுக்கும் மூன்று மாதம் கிடைத்தது. பொய்க் கணக்குக்குக் கீழே உயிரோடு ஒரு தொழில் இருந்தது. இங்கே கிடைத்தது பத்து நாள், கீழே மூலதனமே மிஞ்சவில்லை. டிபிஎஸ் 2,500 கோடி ரூபாய் போட்டது. டெபாசிட்டும் ஊழியர்களின் வேலையும் பத்திரமாகக் கைமாறின. 122 ரூபாய் கொடுத்து உரிமைப் பங்கு வாங்கியவரின் டீமேட் கணக்கிலிருந்து அந்த வரி மட்டும் எடுக்கப்பட்டது.